திருவல்லிக்கேணிப் பழைய வீட்டை இடிக்காமல் நான்கு குடியிருப்புகளாக மாற்ற முடியுமா?

கேள்வி – முற்றத்துவீடு:
தாத்தா கட்டிய எங்கள் வீட்டுக்குத் தொண்ணூறு வயது இருக்கும். நடுவில் முற்றம், சுண்ணாம்புக் காரைச் சுவர்கள், தேக்கு உத்திரங்களின் மேல் மெட்ராஸ் டெரஸ் என்று தரைத்தளமும் மாடியுமாக நிற்கிறது. உடன்பிறந்தோர் நால்வருக்கும் தனித்தனிச் சமையலறையும் குளியலறையும் வேண்டும். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்பவர்களே அதிகம். முற்றத்தை இழக்க அம்மாவுக்கு மனமில்லை. மாடியில் குளியலறைகள் கட்டினால் பழைய தளம் தாங்குமா? சிமெண்ட் பூசிய பிறகும் கீழ்ச்சுவர் இரண்டடி உயரத்துக்கு உதிர்ந்துகொண்டே இருப்பது ஏன்?

மறுமொழி – கட்டடப் பொறியாளர்:
தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட தளம் அது. குளியலறைக்காகப் பள்ளம் விட்டு நிரப்பும் சுமையைவிட, கண்ணுக்குத் தெரியாமல் கசியும் நீர்தான் மரத்தைக் கொல்லும். பின்கட்டில் தனி அடித்தளத்தோடு கான்கிரீட் தூண்கள் எழுப்பி, நான்கு குளியலறைகளையும் கீழே இரண்டு, அவற்றின்மேல் இரண்டு என அங்கேயே அமைத்து, பழைய சுவருக்கும் அதற்கும் இடைவெளி விடுங்கள். உள்ளே எந்தச் சுவரையும் எடுக்க வேண்டாம். எல்லாமே பாரம் தாங்குபவை. முதல் வேலையாக, உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் வெளியே பளபளத்த ஓர் உத்திரத்தின் முனையில் அது கைப்பிடிவரை இறங்கியது.

மறுமொழி – காரைவேலைக்காரர் மகள்:
சுவர் உதிர்வதற்கு அந்தச் சிமெண்ட் பூச்சுதான் காரணம், ஐயா. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அதைத் தடுப்பதால், ஈரம் செங்கல்லிலேயே தங்கி உப்பாகப் பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. முழுவதையும் கொத்தி எடுத்து, சுவரை உலரவிட்டு, நன்றாக நீற்றிய சுண்ணாம்பில் பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அப்பா நாள்கணக்கில் புளிக்கவைத்த பிறகே கலவையில் சேர்ப்பார். அவசரப்படுத்தும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மறுமொழி – பத்திர எழுத்தர்:
ஒரு வீடு நான்கு குடியிருப்புகளாவதால், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைபட அனுமதி பெற்றுத் தொடங்குங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யும்போது, ஒவ்வொருவரின் பிரிக்கப்படாத நிலப்பங்கையும் குறிப்பிட்டு, முற்றம், கிணறு, மாடிப்படி, மொட்டைமாடி ஆகியவை பொது என்று எழுதுங்கள். மொட்டைமாடி ஒழுகினால் பழுதுபார்க்கும் செலவில் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

முற்றத்துவீடு:
மூவருக்கும் நன்றி. ஞாயிறன்று உத்திர முனைகளைச் சோதித்துவிட்டுப் படங்களை இங்கே இடுகிறேன்.