கோயிலில் தங்கினால் 20 சதவீதம் பேருக்குக் குணமா? எங்கே இருக்கிறது அந்த வரி?

வைகைக்கரை:
நேற்று காப்பீட்டு இழையில் சோலைமலை போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ‘மனநோயாளிகளைக் கோயிலில் தங்க வைத்தாலே 20 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமல் குணமாகிறது. லண்டன் மருத்துவ இதழே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்புறம் எதற்கு மாவட்ட மனநலத் திட்டத்துக்குப் பணம்?’ என்கிறார். இதற்குப் பலர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். எரிச்சல் தாங்காமல்தான் தனி இழை தொடங்குகிறேன்.

அந்தக் கட்டுரை 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 பேரைப் பார்த்தார்கள். வந்த அன்றும் கிளம்பிய அன்றும் நோயின் தீவிரத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். சராசரி மதிப்பெண் 53-இல் இருந்து 43-க்கு இறங்கியது. அந்த இறக்கம்தான் கிட்டத்தட்ட 20 சதவீதம். 20 சதவீதம் ‘பேர்’ குணமானார்கள் என்று அதில் எங்குமே இல்லை. மதிப்பெண்ணில் 20, ஆட்களில் 20 இல்லை. சோலைமலை திருத்த வேண்டும்.

சோலைமலை:
தங்கச்சி, மதிப்பெண் குறைந்தால் அது குணம் இல்லாமல் வேறென்ன? 53 என்பது 43 ஆகியிருக்கிறது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. கோயிலைப் பெருக்கினார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், கூடவே வீட்டு ஆள் ஒருவர் இருந்தார். அவ்வளவுதான். இந்த முன்னேற்றம் பல மருந்துகள் தரும் முன்னேற்றத்துக்கு இணையானது என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? படித்தவர்கள் வசதிக்கு ஏற்றதை மட்டும் எடுத்துக்கொள்வது புதிதில்லை. எழுதியவர்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தின் மருத்துவரும் உண்டு, எங்கள் ஊர்ப் பூசாரி இல்லை.

வைகைக்கரை:
விடவில்லை, அதற்கும் வருகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் கிடையாது. சராசரியாக ஆறு வாரம் அங்கே தங்கிய அந்த 31 பேரும் அதே காலம் வீட்டில் இருந்திருந்தால் மதிப்பெண் எவ்வளவு இறங்கியிருக்கும்? யாருக்கும் தெரியாது. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் குடும்பம் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. உச்சத்தில் இருந்து எதுவும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கிளம்பிய நாளோடு கணக்கு முடிகிறது. ஆறு மாதம் கழித்து அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது அதில் இல்லை.

31 பேரில் 23 பேருக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. என் தம்பிக்கும் அதேதான். ஒரு கோயிலில் மண்டலம் இருந்தால் சரியாகும் என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு அம்மா மாத்திரையை நிறுத்தினார். அடுத்து வந்த தாக்குதலில் இருந்து அவன் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதனால் 20 சதவீதம் ‘பேர்’ என்ற பொய்யை நான் சும்மா விட முடியாது. மறுபடியும் கேட்கிறேன்: எந்தப் பக்கம், எந்த வரி?

இரவுப்பணி:
மனநல மருத்துவ மேற்படிப்பில் இருக்கிறேன். அக்கா சொல்வது சரி, அது ஆட்களின் கணக்கு இல்லை. ஆனால் 20 சதவீத இறக்கத்தை ஒன்றுமே இல்லை என்றும் தள்ள முடியாது. மருந்து ஆய்வுகளில் அதை லேசான முன்னேற்றம் என்ற இடத்தில் வைப்போம். 50 சதவீதம் இறங்கினால்தான் நன்றாகத் தேறியிருக்கிறார் என்போம்.

சோலைமலை:
பாருங்கள், டாக்டர் தம்பியே முன்னேற்றம் என்று சொல்லிவிட்டார். இழையை இத்தோடு மூடலாம்.

வைகைக்கரை:
இரவுப்பணி, இப்படி ஒரு வரியைக் கையில் எடுத்துக் கொடுத்தால் அவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார் என்று உங்களுக்குத் தெரியாதா? மின்னதிர்ச்சி சிகிச்சை பற்றிய இழையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதைச் சட்டமே தடை செய்துவிட்டது என்று நான் சொன்னபோது ‘இருந்தாலும் சில நேரங்களில்’ என்று இழுத்தீர்கள். நடுநிலை என்ற பெயரில் இரண்டு பக்கமும் கால் வைக்காதீர்கள்.

இரவுப்பணி:
அந்த இழையில் நான் மயக்க மருந்து இல்லாமல் கொடுக்கலாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. திறந்து படித்துவிட்டுப் பேசுங்கள். இங்கேயும் உள்ளதை உள்ளபடி சொன்னேன், அது உங்களுக்கும் பிடிக்கவில்லை.

முகவை:
ராமநாதபுரம்காரன் பேசுகிறேன். கோயிலில் தங்க வைப்பது பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், ஏர்வாடியை யாரும் தொடவில்லையே? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீங்கள் சொல்லும் கட்டுரை அதற்கு அடுத்த வருடம் வந்தது. 20 சதவீதம் பேசுகிறவர்கள் அந்த 28 பேரையும் ஒரு வரி பேசலாம்.

அக்கினிச்சட்டி:
அது தர்காவில் நடந்தது, கோயிலில் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

முகவை:
தர்காவிலும் நடக்கவில்லை. தனியார் நடத்திய விடுதியில் நடந்தது. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துக் காசு பார்த்த விடுதி. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் வலிக்கிறது.

அக்கினிச்சட்டி:
அப்படியே வைத்துக்கொள்வோம். அங்கே அரசே மருத்துவரை அனுப்பி மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்த திட்டம் நடத்துகிறது. கோயில்களுக்கு ஏன் இல்லை?

முகவை:
திருச்சி பக்கம் குணசீலம் போயிருக்கிறீர்களா? கோயிலை ஒட்டிய மறுவாழ்வு மையத்துக்கு மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார். இங்கே தர்கா, அங்கே கோயில், இரண்டிலும் மருந்து உண்டு. எதற்கெடுத்தாலும் மதக்கணக்கு போடுவதை முதலில் நிறுத்துங்கள்.

நெறியாளர்:
மதச் சண்டை வேண்டாம். பேச்சு அரசு மனநல சேவை பற்றி இருக்கட்டும்.

சோலைமலை:
அரசு மனநல சேவையா? தாராளமாகப் பேசுவோம். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு என்ன சொன்னது? நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை இல்லாமல் இருக்கிறார்கள். தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது, மாவட்டத் திட்டம் 1996-இல். இத்தனை வருடம் ஆகியும் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட நாட்டில் இல்லை. மலையடிவாரத்தில் கூலிக்குப் போகிறவன் பிள்ளையை எங்கே கூட்டிப் போவான்? கோயில் அவனைத் திருப்பி அனுப்புவதில்லை. காசு கேட்பதில்லை. சாதிச் சான்று, ஆதார் கேட்பதில்லை. 20 சதவீதம் பேராவது அங்கே தேறுகிறார்கள்.

வைகைக்கரை:
மறுபடியும் ‘பேர்’! மூன்று முறை சொல்லியாகிவிட்டது. வேண்டுமென்றேதான் எழுதுகிறீர்கள்.

சரி, சிகிச்சை இடைவெளியைச் சொன்னீர்கள், அதற்கே வருகிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் படியுங்கள். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எல்லா நேரமும் இலவசமாக இருக்க வேண்டும். குறைந்தபட்ச மனநல சேவைகூட இல்லாத மாவட்டம் என்றால், நோயாளி அங்கேயே வேறு இடத்தில் பார்த்துக்கொண்டால் அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும். 95-ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. நீங்கள் சொல்லும் கூலித் தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்த உரிமை இது. அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கோயிலுக்குப் போ என்று வழி காட்டுகிறீர்கள். நடத்தாத திட்டத்தை நடத்து என்றுதான் கேட்க வேண்டும். 20 சதவீதத்தைக் காட்டி இருக்கிற பணத்தையும் பிடுங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பிபி, சுகர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வருகிறது. மனச்சிதைவுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போன மாதம் நானும் தம்பியும் ஓர் அரசு மருத்துவமனையில் காலையிலேயே போய் உட்கார்ந்தோம். மதியம் ‘ஊசி ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்றார்கள். அப்படித் திரும்பி வரும் குடும்பம்தான் கோயில் வாசலில் போய் நிற்கிறது. பக்தி மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள்.

சோலைமலை:
நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள். ஆஸ்பத்திரி கைவிட்டது, கோயில் ஏற்றுக்கொண்டது. இதற்கு எதற்கு இத்தனை கோபம்?

வைகைக்கரை:
நான் சொன்னது அது இல்லை. மருந்து தரவேண்டியவர்கள் தரவில்லை என்றேன். நீங்கள் தரவே வேண்டாம் என்கிறீர்கள்.

மாத்திரைப்பட்டை:
மருந்தாளுநராக இருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மருத்துவர் வாரம் ஒருநாளோ மாதம் ஒருநாளோ வருகிற இடங்களில், அவர் வராத நாளில் பழைய சீட்டைக் காட்டினால் மாத்திரை கொடுக்கத் தயங்குவார்கள். சீட்டைப் புதுப்பிக்கும் அதிகாரத்தைப் பயிற்சி பெற்ற பொது மருத்துவருக்குக் கொடுத்தாலே பாதிப் பேர் அலையாமல் இருப்பார்கள். யாராவது இதைப் பற்றிப் பேசுங்கள்.

அக்கினிச்சட்டி:
மருந்துக் கம்பெனிக்கு ஆள் பிடிக்க ஒருவர் வந்துவிட்டார்.

மாத்திரைப்பட்டை:
அரசு வாங்கிக் கொடுக்கும் மாத்திரையில் எனக்கு என்ன கமிஷன்? பெயரை மறைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைக்காதீர்கள்.

முகவை:
விடுங்கள், அவருக்குப் பழக்கம். போன வருடம் தெருவில் திரியும் மனநோயாளிகளை மீட்பது பற்றி எழுதியபோது தொண்டு நிறுவனங்கள் எல்லாமே வெளிநாட்டுப் பணம் என்றார். சென்னையில் பான்யன் 1993-இல் இருந்து வீடற்ற பெண்களுக்கு என்ன செய்கிறது என்று எழுதினேன். ஒரு பதிலும் வரவில்லை.

அக்கினிச்சட்டி:
பதில் சொல்லத் தகுதியான கேள்வியாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

சோலைமலை:
கடைசியாக ஒன்று. நான் யாரையும் சங்கிலியில் கட்டச் சொல்லவில்லை, மருந்தைத் தடுக்கவும் சொல்லவில்லை. எங்கள் மண்ணில் நூற்றாண்டுகளாக இருக்கும் ஒன்றை வெள்ளைக்காரன் இதழே மதிக்கிறது, நம் ஆட்கள்தான் கேவலமாகப் பார்க்கிறார்கள். கோயில்கள் சமூகத்துக்கு வளமாக இருக்கலாம், கூட்டுச் சேரலாம் என்றுதான் அந்தக் கட்டுரை முடிகிறது. 20 என்றால் 20தான். மதிப்பெண்ணா, ஆளா என்று நீங்கள் வருடம் முழுக்க உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருங்கள்.

வைகைக்கரை:
‘மாவட்ட மனநலத் திட்டத்துக்கு எதற்குப் பணம்’ என்று நேற்று எழுதியது யார்? இன்று மருந்தைத் தடுக்கச் சொல்லவில்லையாம். கூட்டுச் சேரலாம் என்பதை நான் எப்போது மறுத்தேன்? கூட்டுச் சேர இன்னொரு பக்கம் மருத்துவர் இருக்க வேண்டும், மருந்து இருக்க வேண்டும். அதற்குத்தான் பணம்.

53-இல் 10 குறைந்தால் 43. அந்த 43-ஐ வாங்கியவர் இன்னும் நோயாளிதான், வேலைக்குப் போகும் நிலையில் இருக்கிறாரா என்றுகூட அந்த எண் சொல்லாது. மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசிக்கும் அம்மாக்கள் உங்கள் வரியைப் படிக்கிறார்கள். எந்தப் பக்கம், எந்த வரி? காட்டுங்கள், அல்லது அழியுங்கள்.

சோலைமலை:
அழிக்க மாட்டேன்.

இரவுப்பணி:
அக்கா, மின்னதிர்ச்சி இழையைத் தேடி எடுத்துவிட்டேன். நான் எழுதியது அப்படியே இருக்கிறது. நீங்கள் சொன்ன ‘இருந்தாலும் சில நேரங்களில்’ அதில் எங்கே?

வைகைக்கரை:
அதை அந்த இழையிலேயே பேசுவோம். சோலைமலை, இன்னும் வரி வரவில்லை.