செபராங் பிறை நெல்வயல் பகுதியில் மழை அளக்க ஆட்கள் தேவை

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பக்கமான செபராங் பிறையின் வேளாண்மை பற்றித் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு வரைபடக் கையேடு தயாரிக்கிறோம். வடக்கே மூடா ஆற்றை ஒட்டிய பினாகா, கெப்பாலா பத்தாஸ் நெல்வயல்கள். தெற்கே கிரியான் ஆறுவரை, நிபோங் திபால் வட்டாரச் செம்பனை நிலங்கள். அங்கு முன்பு கரும்புத் தோட்டங்கள் இருந்தன, நம்மவர்கள் பலர் அவற்றுக்காகவே வந்தார்கள்.

மழைக் கணக்கில்தான் சிக்கல். பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலைய அளவைப் பினாகாவுக்குப் பொருத்த முடியாது. இடிமழை ஓர் ஊரில் கொட்டும், பக்கத்து ஊர் காய்ந்து கிடக்கும். ஜனவரி, பிப்ரவரி வறட்சி எல்லாருக்கும் தெரியும். அறுவடை நேரத்து மழைதான் கதிரைச் சாய்த்து நட்டம் தருகிறது. அதனால் மாதச் சராசரி போதாது, நாள்வாரி அளவு வேண்டும்.

அந்த ஊர்களில் இருப்பவர்கள் உதவுங்கள். நேர்ச்சுவர்ப் பாத்திரம் போதும். தினமும் காலை 8 மணிக்கு நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்து, கொட்டிவிடுங்கள். மழையில்லாத நாளுக்கு 0 எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் அளக்க மறந்ததா, மழையே இல்லையா என்று தெரியாது. குடுவையின் அடி வளைந்திருந்தால், சுவர் நேராகும் கோடுவரை முதலில் தண்ணீர் ஊற்றி அதையே 0 ஆக வையுங்கள். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தள்ளி வைப்பது முக்கியம்.

2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 17.4 லட்சம். முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) வாரியான எண்ணிக்கை யாரிடமாவது இருந்தால் அதையும் பகிருங்கள்.