மீட்கப் போன தன்னார்வலர் மீது வழக்குப் போடலாமா?

கடலோடி:
2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு சென்னைத் தெருக்களுக்குள் வந்தார்கள். மூழ்கிய காரின் கூரையோ மதில்சுவர்க் கம்பியோ படகின் அடியைக் கிழித்துவிடும் என்று தெரிந்தேதான் வந்தார்கள். ஒரு படகு கவிழ்ந்து அதிலிருந்த முதியவர் இறந்திருந்தால், கவனக்குறைவால் மரணம் என்று படகோட்டி மீது வழக்குப் பதியலாம். முன்பு 2 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 5 ஆண்டு வரை. காப்பாற்ற வந்தவருக்கு முழுப் பாதுகாப்பு வேண்டும்.

வழக்காடி:
முழுப் பாதுகாப்பை ஏற்க மாட்டேன். 2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பல குழுக்கள் தாங்களே உருவாக்கிய கருவிகளுடன் வந்தன. குழந்தையின் கையில் கயிற்றுச் சுருக்கு மாட்டி இழுக்கப் பார்த்தார்கள். குழந்தை மேலும் ஆழத்துக்கு நழுவியது. 29ஆம் தேதி அதிகாலை உடலைத்தான் எடுக்க முடிந்தது. நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் எந்தக் குழுவை முதலில் இறக்குவது என்று முடிவெடுத்தது யார் எனக் கேட்கப் பெற்றவர்களுக்கு உரிமை வேண்டாமா?

கடலோடி:
அனுமதித்த அதிகாரியைக் கேட்கட்டும். ஆனால் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 73ஆம் பிரிவைப் பாருங்கள். அரசும் அதிகாரியும் அவர்கள் சார்பில் வேலை செய்பவரும் நல்லெண்ணத்தோடு செய்ததற்கு வழக்குக் கிடையாது. யாரும் கூப்பிடாமல் ஓடி வந்தவருக்கு அதில் இடம் எங்கே? உத்தரவிட்டவர் தப்பிப்பார், தண்ணீரில் இறங்கியவர் கோர்ட்டுக்கு அலைவார்.

வழக்காடி:
அதிகாரியும் எளிதில் தப்ப முடியாது. உரிய கவனமில்லாமல் செய்ததை நல்லெண்ணம் என்று குற்றவியல் சட்டம் ஏற்பதில்லை. அந்த அளவுகோல் தன்னார்வலருக்கும் போதும்.

மலைத்தேன்:
ஐயா, சாலை விபத்தில் அதைவிடத் தாராளமாக இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவின்படி, அடிபட்டவருக்கு உதவும்போது கவனக்குறைவு நேர்ந்தாலும் உதவியவர் மீது வழக்கில்லை. வெள்ளத்திலும் மலையிலும் உதவுபவருக்கு மட்டும் ஏன் இல்லை? படகு உடைந்தால் இழப்பீடும் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டு எடுத்த படகுக்குத்தான். வட்டாட்சியர் ஒரு தாளில் பெயரும் படகு எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டால், படகோட்டி அரசு சார்பில் வேலை செய்பவர் ஆகிவிடுவார்; வழக்கு, இழப்பீடு என்ற இரண்டு சிக்கலும் பெருமளவு தீரும்.

கடலோடி:
கழுத்தளவுத் தண்ணீரில் வட்டாட்சியரை எங்கே தேடுவது? வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பட்டியல் எடுக்கட்டும். மீன்வளத் துறையிடம் படகுப் பதிவேடு இருக்கிறதே.

வழக்காடி:
படகுக்குச் சரி. ஆழ்துளைக் கிணற்றுக்குக் கருவி கொண்டுவருபவரையும் முன்பே பதிய வேண்டும். தீயணைப்புத் துறை அந்தக் கருவியைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். சோதிக்காத கருவியைக் குழந்தை மேல் இறக்கியவருக்கு விலக்குத் தர நான் சம்மதிக்கவே மாட்டேன்.