பட்டறையில் நாமே செய்து போட்ட லாரி ஸ்பிரிங் பட்டைகள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சங்ககிரி லாரிக்காரன்

வணக்கம். எங்களுக்கு இருப்பது ஒரே லாரி, ஆறு சக்கர வண்டி. அப்பா ஓட்டினார், அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். வயதான வண்டி என்பதால் பட்டைக்கட்டுக்கு, அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்குக்கு, வேண்டிய சில உதிரிகள் கேட்டவுடன் கிடைப்பதில்லை. சேலத்தில் கேட்டால் நாமக்கல்லுக்குப் போகச் சொல்கிறார்கள். நாமக்கல்லில் ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். ஒரு வாரம் வண்டி நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்பது ஒற்றை லாரிக்காரர்களுக்குத் தெரியும். அதனால் உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பட்டையின் ஒரு முனையை அசைந்து கொடுக்கும்படி பிடிக்கும் ஷாக்கிள் தகடு அறுத்துத் துளையிட்டிருக்கிறேன். பட்டையின் முனையைக் கோக்கும் ஸ்பிரிங் பின்னை லேத்தில் கடையவைத்திருக்கிறேன். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங் தகடும் செய்திருக்கிறேன். எல்லாம் நன்றாக உழைத்தன. அந்தத் தைரியத்தில்தான் பட்டையிலேயே கைவைத்தேன்.

பின்பக்கம் இடது கட்டில் மூன்றாவது பட்டை விரிசல் விட்டிருந்தது. 12 மில்லிமீட்டர் தடிமன். பழைய இரும்புக் கடையில் பெரிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய 14 மில்லிமீட்டர் பட்டை கிடைத்தது. அகலம் சரியாகப் பொருந்தியது. இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கூடினால் பலமும் கூடும் என்று மகிழ்ந்து வாங்கி வந்தேன். நீளத்தைக் கேஸ் சுடரில் வெட்டிக் குறைத்தோம். வளைவு ஒத்துவரவில்லை என்பதால் கொல்லர் நடுப்பகுதியைப் பழுக்கக் காய்ச்சித் தட்டினார். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளைக்கு டிரில் பிட் இறங்கவில்லை. அதையும் கேஸிலேயே ஊதித் திறந்தோம். கடைசியில் தண்ணீரில் முக்கி எடுத்தோம். பொழுது சாய்வதற்குள் வண்டியில் மாட்டியாகிவிட்டது.

பதினோரு நாள் ஓடியது. ஓசூரிலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு வந்த இரவில், தொப்பூர் இறக்கத்துக்கு முன்பாக டயர் தட்டிப் பார்க்க நிறுத்தினேன். மலை இறங்குமுன் ஒருமுறை வண்டியைச் சுற்றி வர வேண்டும் என்பது அப்பா எனக்குப் பழக்கிய வழக்கம். பாடி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மண்டியிட்டு டார்ச் அடித்தால், நான் போட்ட பட்டை துளையின் குறுக்கே இரண்டாகியிருந்தது. அதன் சுமையையும் சேர்த்து வாங்கிய மேல்பட்டையில் மயிரிழை போல விரிசல். கிளீனர் தம்பி ஒன்றும் பேசாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தான். விடியும்வரை இருவரும் தூங்கவில்லை.

உடைந்த துண்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். துளையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பகுதி கறுத்துக் கிடக்கிறது. மற்ற இடமெல்லாம் சர்க்கரையை உடைத்ததுபோல மினுங்குகிறது. நான் எங்கே தவறினேன் என்று தெரிய வேண்டும். நீங்கள் எதையெல்லாம் செய்து போட்டீர்கள், எது உழைத்தது, எது கைவிட்டது என்பதையும் எழுதுங்கள்.

நாமக்கல் லேத்

அண்ணா, நீங்கள் நிறுத்திப் பார்த்தீர்களே, அதற்கே உங்கள் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பட்டையைப் பற்றி எனக்குப் பேசத் தெரியாது. ஸ்பிரிங் பின்னும், அதைச் சுற்றி உறையாக இருக்கும் புஷ்ஷும் எங்கள் வேலை, அதைச் சொல்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு டிப்பர்காரர் அவசரமென்று வந்தார். கையிருப்பில் இருந்த சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பியில் நான்கு பின் கடைந்து கொடுத்தேன். பளபளவென்று கம்பெனிப் பின்போலவே இருந்தது. மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். அந்தப் பின் ஒரு பக்கமாகத் தேய்ந்து அரைநிலாவாக நின்றது. நான்கையும் இலவசமாகச் செய்து கொடுத்தேன் என்றாலும், அந்த வண்டி மூன்று மாதமும் கல்குவாரிப் பாதையில் ஓடியதை நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது.

இப்போது இஎன் 8 என்ற நடுத்தரக் கரிம எஃகுக் கம்பியில்தான் கடைவேன். அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் கடைந்து, மேற்பரப்பை மட்டும் இண்டக்‌ஷன் முறையில் (மின்சுருளால் சூடாக்கி) கடினமாக்க அனுப்பி, வந்த பிறகு கிரைண்டிங்கில் இறுதி அளவுக்குக் கொண்டுவருவேன். உள்ளே இளக்கமாக இருந்தால்தான் பின் குலுக்கலைத் தாங்கும், வெளியே கடினமாக இருந்தால்தான் தேயாது. புஷ் கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில். தேய்வது புஷ்ஷாக இருக்க வேண்டும், பின்னாக அல்ல, ஏனென்றால் புஷ்ஷைத் தட்டி மாற்றிவிடலாம். பட்டையின் கண்ணில், அதாவது முனையில் சுருட்டிய வளையத்தில், புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் அதன் உள்துளை சற்றுச் சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகு, துளையைச் சீராக்கும் ரீமர் விட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். பலர் ஏற்றுவதற்கு முன்பே துளையை அளந்துவிட்டு, பின் ஏறவில்லை என்று சம்மட்டியால் அடிக்கிறார்கள். அப்படி ஏறிய பின்னில் கிரீஸ் போக இடமே இருக்காது.

கிரீஸ் துளையை மறந்துவிடாதீர்கள். பின்னின் நடுவே போகும் துளை பக்கவாட்டில் திறக்கும் இடம், சுமை அழுத்தாத பக்கமாக இருக்க வேண்டும். அழுத்தும் பக்கம் திறந்தால் எத்தனை கிரீஸ் அடித்தாலும் உள்ளே பரவாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகக் கட்டில் இரண்டு பட்டை சேர்க்க வேண்டும், அதற்கு நீளமான சென்டர் போல்ட் கடைந்து கொடு என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய மாட்டேன். பட்டை கூடினால் பிரேக் கூடுவதில்லை, அச்சும் தடிப்பதில்லை.

கொல்லர் வீட்டுப் பெண்

அண்ணா, எங்கள் அப்பா கொல்லர். லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பார். சுற்று வட்டாரத்தில் அவர் அடித்த அரிவாளுக்குத் தனி மதிப்பு. துருத்தி ஊதி வளர்ந்த நான் இப்போது உலோகச் சூடேற்றும் தொழிற்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கொல்லரைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர் அரிவாளுக்குச் செய்வதைப் பட்டைக்கும் செய்திருக்கிறார்.

லாரிப் பட்டை பெரும்பாலும் இஎன் 45 போன்ற சிலிக்கான் மாங்கனீசு எஃகு, அல்லது குரோமியம் கலந்த எஃகு. கரிமம் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். இதை 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை முழு நீளத்துக்கும் ஒரே சீராகச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, பிறகு 450 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கிப் பதம் இறக்க, அதாவது மிகைக் கடினத்தைக் குறைக்க வேண்டும். தோய்ச்சலோடு நிறுத்திவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும். தண்ணீரில் தோய்த்தால் தோய்க்கும்போதே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழக்கூடும்.

இனி நான் சொல்ல வந்தது. அப்பா அரிவாளுக்குப் பதம் பார்ப்பது நிறத்தை வைத்து. தேய்த்து வெளுப்பாக்கிய இரும்பைச் சூடாக்கினால் வைக்கோல் மஞ்சள் வரும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். நீலம் வரும் இடம் ஏறக்குறைய 300 டிகிரி. அரிவாளின் வாய்க்கு அதற்குள்ளேயே வேலை முடிந்துவிடும், அதனால் அப்பாவின் கண் தவறியதே இல்லை. பட்டைக்கு வேண்டிய பதமோ நீலத்தையும் தாண்டி, எல்லாம் சாம்பல் நிறமாகிப்போன பிறகு இருக்கிறது. அங்கே எந்தக் கொல்லருக்கும் கண் உதவாது. வெப்பமானி வைத்த உலை வேண்டும். கைத்திறன் குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. பார்ப்பதற்கு அங்கே நிறமே இல்லை.

உங்கள் பட்டையில் நடுப்பகுதியை மட்டும் காய்ச்சியதால் அந்த இடம் ஒரு பதம், அதை ஒட்டிய இடம் இளகிப்போய் ஒரு பதம், முனைகள் பழைய பதம் என்று ஆகிவிட்டது. கேஸில் ஊதிய துளையின் விளிம்பு சொரசொரப்பாகவும் மிகக் கடினமாகவும் உறைந்திருக்கும். விரிசல் தொடங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. கறுத்த பிறை நாள்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல், மினுங்கும் பகுதி அன்றிரவு ஒரேயடியாக உடைந்தது. அந்தப் பிறை பட்டையின் மேல்முகத்தில்தானே இருக்கிறது? பாரம் ஏறும்போது இழுபடுவது மேல்முகம். நல்ல தொழிற்சாலைகளில் அந்த முகத்தின் மேல் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி அதை முன்கூட்டியே இறுக்கி அனுப்புகிறார்கள். பட்டையைப் பழுக்கக் காய்ச்சியதும் அந்தப் பலன் முழுவதும் போய்விடும்.

தடிமன் விஷயத்தில் நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதான் உங்களையும் ஏமாற்றியது. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 12-க்குப் பதில் 14 போட்டால் அந்த ஒரு பட்டை ஏறக்குறைய 1.6 மடங்கு விறைப்பு. கட்டில் எல்லாப் பட்டைகளும் ஒன்றாகவே வளைகின்றன. ஒரே வளைவுக்குத் தடித்த பட்டையின் மேற்பரப்பு மற்றதைவிட அதிகமாக இழுபடும், உங்கள் கணக்கில் ஆறில் ஒரு பங்கு அதிகம். பக்கத்துப் பட்டைகளைவிடத் தடித்ததுதான் முதலில் களைத்துப்போகும்.

பழைய டிராக்டர்

எங்கள் ஊர்க் கொல்லர் தட்டிக் கொடுத்த பட்டை எங்கள் டிரெய்லரில் ஆறு ஆண்டுகளாக ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் உலையும் மீட்டரும் வேண்டும் என்றால் கிராமத்தில் பிழைக்க முடியுமா?

கொல்லர் வீட்டுப் பெண்

ஐயா, ஓடும், நான் மறுக்கவில்லை. சூடாக்காமல், குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டியால் தட்டி வளைவை ஏற்றியிருந்தால் பழைய பதம் கெட்டிருக்காது. அப்பாவும் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார். ஆனால் வயலுக்கும் களத்துக்கும் நடுவே மெல்லப் போகும் டிரெய்லரும், பத்து டன்னோடு மலை இறங்கும் லாரியும் ஒன்றல்ல. அப்பா லாரிக்காரர்களிடம், "வெட்டுவதற்கு அடித்துத் தருகிறேன், சுமப்பதற்கு அடித்துத் தர மாட்டேன்" என்றுதான் சொல்வார்.

திம்பம் பாதை ஓட்டுநர்

சங்ககிரி அண்ணா, ஒரு கேள்வி. பட்டை போட்ட பிறகு, கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டை மறுபடி முறுக்கினீர்களா? துளையில் உடைந்தது என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது. யு போல்ட் இறுக்கமாக இருந்தால் நடுப்பகுதி வளையவே வளையாது, துளைக்கு வேலை இல்லை. சென்டர் போல்ட் அச்சை இடத்தில் காட்டி நிறுத்துவதற்குத்தான், தாங்குவது யு போல்ட். அது தளர்ந்தால்தான் துளை வளையத் தொடங்கும்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டறையில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, குழாயைச் சுற்றி வளைத்து, தண்ணீரில் போட்டு, டையால் மரை வெட்டிய யு போல்ட். பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் மேலே ஏறுகிறேன். 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதைத் திரும்பும்போது துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். வளைத்த தோளில் போல்ட் முறிந்தது, மற்றொன்று தளர்ந்தது, சென்டர் போல்ட் வெட்டுப்பட்டது, அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்துவிட்டது. வண்டி பாதையை அடைத்துக் குறுக்கே நின்றது. பின்னால் பஸ் நிறையப் பயணிகள். ஒரு தாய் கைக்குழந்தையோடு வெயிலில் இறங்கி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. யாருக்கும் அடிபடவில்லை.

அதன் பிறகு யு போல்ட் செய்வதே இல்லை. கடையில் வாங்குகிறேன், மரையை வெட்டாமல் உருட்டி எடுத்தது, நட்டும் புதிது. ஒருமுறை கழற்றிய யு போல்ட் ஏற்கெனவே நீண்டுவிட்டது, அதை மறுபடி போடுவதில்லை. நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரென்ச்சில் முறுக்கி, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குகிறேன். பட்டையின் முன்முனையில் உள்ள ஸ்பிரிங் பின்னிலிருந்து அச்சுவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தும் பார்க்கிறேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் வண்டி நண்டுபோலக் கோணலாக ஓடும், டயர் கரையும்.

சங்ககிரி லாரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. தம்பி கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன், மறுபடி முறுக்கவில்லை. பதினோரு நாளில் ஒருநாள்கூட ஸ்பேனர் வைக்கவில்லை. தங்கச்சி சொன்னபடி பிறையும் மேல்முகத்தில்தான் இருக்கிறது. இன்று காலை வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன்.

இடது கட்டு முழுவதையும் பிரித்துவிட்டேன். உடைந்ததோடு மேல்பட்டையையும் ஒதுக்கிவிட்டு, இரண்டுக்கும் அதே 12 மில்லிமீட்டரில், உலையில் பதம் ஏற்றி வரும் பட்டைக்கு ஆர்டர் கொடுத்தேன். ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த நாள்களில் வலது கட்டையும் பிரித்து, துருவைத் துடைத்து, துளைகளைச் சுற்றிப் பார்த்தேன். விரிசல் இல்லை. பின்கள் நான்கையும் நாமக்கல் தம்பி சொன்ன முறைப்படி செய்து வாங்கி மாட்டிவிட்டேன். உடைந்த 14 மில்லிமீட்டர் பட்டையைக் கொல்லரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் எழுதியதையெல்லாம் அவருக்குப் படித்தும் காட்டினேன். நிறம் சாம்பலாகிப்போகும் இடத்தை இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தப் பட்டையில் எனக்கு ஓர் அரிவாள் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாளை காலை ஈரோட்டுக்கு முதல் லோடு. 500 கிலோமீட்டர் ஆனதும் யு போல்ட்டை முறுக்கிவிட்டு இங்கே எழுதுகிறேன்.