டயாலிசிஸில் இருப்பவருக்கு எந்தப் புரதப் பவுடர்? எச்.பி.யா, எல்.பி.யா?

வைகைமகள்:

வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறோம். வாரம் 2 முறை ஹீமோடயாலிசிஸ், தலா 4 மணி நேரம். ட்ரை வெயிட் (மிகுதித் தண்ணீரை எடுத்தபின் இருக்கவேண்டிய எடை) 56 கிலோ. சிறுநீர் நாளுக்கு 200 மி.லி.தான் போகிறது. குடிப்பது எல்லாம் சேர்த்து 700 மி.லி.க்குள் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வார ரிப்போர்ட்: ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) 3.2, பொட்டாசியம் 5.4, பாஸ்பரஸ் 6.1. "புரதம் பத்தலை, பவுடர் ஏதாவது கொடுங்க" என்றார்கள். பெயர் எழுதித் தரவில்லை.

சாப்பாடு: காலை 3 இட்லி, சட்னி. மதியம் ஒரு கப் சோறு, தண்ணியான சாம்பார் கொஞ்சம், பொரியல், அரை டம்ளர் தயிர். சாயங்காலம் டீ, 2 பிஸ்கட். ராத்திரி 2 சப்பாத்தி, குழம்பு. வாரத்தில் இரண்டு நாள் ஒரு துண்டு மீன்.

மருந்துக்கடையில் "கிட்னி புரோட்டீன் பவுடர்" என்று கேட்டு ஒரு டப்பா வாங்கினேன், அதில் எல்.பி. என்று போட்டிருக்கிறது. தம்பியிடம் ஜிம் வே பவுடர் (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) பாதி டப்பா இருக்கிறது. அத்தை வீட்டில் அரைத்த முளைகட்டிய சத்துமாவு அனுப்பியிருக்கிறார். இந்த மூன்றில் எதைக் கொடுக்கலாம், எவ்வளவு, எப்போது?

உணவுத்தராசு:

சகோதரி, அந்த எல்.பி. டப்பாவைப் பிரிக்கவில்லை என்றால் பில்லோடு கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். எச்.பி. என்றால் ஹை புரோட்டீன், எல்.பி. என்றால் லோ புரோட்டீன். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிக்கொண்டிருக்கும், ஆனால் டயாலிசிஸ் இன்னும் தொடங்காதவர்களுக்கானது எல்.பி. அவர்களுக்குக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்று புரதத்தைக் கட்டுப்படுத்துவார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழ். ஒவ்வொரு முறையும் டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்) வழியாக 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் கூறுகள், கழிவோடு கழிவாகப் போய்விடுகிறது. அதனால் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். நெப்ரோ, புரோ360 நெஃப்ரோ ஆகிய இரண்டு பிராண்டிலுமே எச்.பி., எல்.பி. என்று இரு வகை உண்டு. கடையில் கேட்கும்போது "டயாலிசிஸ் நடக்குது, எச்.பி. வேணும்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. டயாலிசிஸுக்கு முன்னால் "பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று சொன்ன பத்தியத்தையே வீட்டில் பலர் அப்படியே தொடர்கிறார்கள். சதை கரைவது அங்கேதான் தொடங்குகிறது.

அப்பாவுக்குத் தேவை 56 முதல் 67 கிராம். நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால்: இட்லி 6, மதியச் சாப்பாடு தயிரோடு 13, டீ பிஸ்கட் 5, ராத்திரி 8. மொத்தம் 32 கிராம். மீன் நாளில் 40. ஆக மற்ற நாட்களில் குறைந்தது 24 கிராம் துண்டு விழுகிறது. இதை முழுக்கப் பவுடரால் அடைக்கப் பார்க்காதீர்கள்.

முட்டை வெள்ளைக்கருவில் தொடங்குங்கள். ஒரு வெள்ளைக்கருவில் 3.6 கிராம் புரதம், பாஸ்பரஸ் வெறும் 5 மி.கி. மஞ்சள் கருவோடு முழு முட்டை என்றால் புரதம் 6 கிராம், ஆனால் பாஸ்பரஸ் 90 மி.கி.யைத் தாண்டும். பாஸ்பரஸ் 6.1 இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. காலை 2, இரவு 2 என்று 4 வெள்ளைக்கரு கொடுத்தால் 14 கிராம் வந்துவிடும். பாக்கி 10, 12 கிராமுக்குத்தான் பவுடர். மீன் நாளில் பவுடரே தேவைப்படாது.

சத்துமாவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 30 கிராம் மாவில் 4 கிராம் அளவுதான் புரதம் கிடைக்கும். கேழ்வரகு, பயறு, கொட்டை எல்லாம் சேர்ந்திருப்பதால் பொட்டாசியம் கூடவே வரும், கஞ்சி காய்ச்ச ஒரு டம்ளர் தண்ணீரும் வேண்டும். தானியத்தில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடப்பதால் உடம்பு அதைக் குறைவாகத்தான் இழுக்கும். முளைகட்டும்போது அந்தக் கட்டு தளர்கிறது. அதாவது, மற்றவர்களுக்கு முளைகட்டிய மாவு எதனால் நல்லதோ, அதே காரணத்தால் அப்பாவுக்குப் பாஸ்பரஸ் கூடும்.

இன்னொன்று: மொத்தக் கலோரியும் குறைவாகத்தான் தெரிகிறது. கிலோவுக்கு 30 கலோரி என்று வைத்தாலே 1,680 வேண்டும். அது கிடைக்காவிட்டால் நீங்கள் கொடுக்கும் புரதத்தை உடம்பு விறகாக எரித்துவிடும். சர்க்கரை உள்ளவர் என்பதால் சோற்றைக் கூட்டுவதைவிட எண்ணெயைக் கூட்டுவது எளிது. 5 மி.லி. எண்ணெயில் 40 கலோரிக்கு மேல். தோசைக்கும் சப்பாத்திக்கும் தாராளமாக விடுங்கள்.

நாலுமணி_ஷிஃப்ட்:

டயாலிசிஸ் யூனிட் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

டப்பாவில் "200 மி.லி. தண்ணீரில் கலக்கவும்" என்று இருக்கும். அப்பாவுக்கு ஒரு நாள் அளவே 700 மி.லி. ஒரே டம்ளரில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அடுத்த டயாலிசிஸுக்கு வரும்போது எடை ஏறி நிற்கும், அதை இழுக்கும்போது பிரஷர் விழும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வாரம் 2 முறை செய்பவருக்கு இடைவெளி நீளம் என்பதால் இதில் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீரைக் குறைத்துக் கலக்கும் முறை: 15 கிராம் பவுடரைக் கிண்ணத்தில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் 30 மி.லி. மட்டும் விட்டு ஸ்பூனால் கட்டி இல்லாமல் குழையுங்கள். பசை மாதிரி ஆனபிறகு இன்னும் 50, 60 மி.லி. விட்டு அடித்துக் கொடுங்கள். கொதிக்கிற தண்ணீர் விட்டால் வே புரதம் திரிந்து ரவை ரவையாக நிற்கும், குடிக்க முடியாது. அந்த 80, 90 மி.லி.யையும் திரவக் கணக்கில் எழுதவேண்டும்.

தண்ணீரே இல்லாமலும் கொடுக்கலாம். ஃப்ளேவர் இல்லாத பவுடராக வாங்கினால் ஆறிய ரவா உப்புமாவிலோ, மதியம் சாப்பிடும் தயிர்சாதத்திலோ 10 கிராம் கலந்துவிட்டால் ருசி அவ்வளவாக மாறாது. சப்பாத்தி மாவு பிசையும்போது தண்ணீருக்குப் பதில் ஒரு வெள்ளைக்கரு விட்டுப் பிசைந்தால் சப்பாத்தி மெத்தென்று வரும், முட்டை வாசம் பிடிக்காதவரும் சாப்பிடுவார்.

டயாலிசிஸ் ஓடும்போது வயிறு முட்டக் கொடுக்கவேண்டாம். செரிமானத்துக்காக ரத்தம் குடல் பக்கம் திரும்பும், அதே நேரத்தில் மெஷின் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து பிரஷரைத் தள்ளிவிடும். ஏற்கெனவே பிரஷர் விழுகிறவர் என்றால், முடித்து அரைமணி கழித்துக் கொடுங்கள். விழாதவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் 2 வெள்ளைக்கரு கொடுக்கலாம், சிஸ்டரிடம் கேட்டுவிட்டு.

எடை மாறவே இல்லையே என்று நிம்மதியாக இருக்கவேண்டாம். சதை ஒரு கிலோ கரைந்து, அந்த இடத்தில் தண்ணீர் ஒரு கிலோ நின்றால் தராசு அதே 56 தான் காட்டும். கன்னம், தோள்பட்டை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை ஒட்டிப்போகிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் ட்ரை வெயிட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வைகைமகள்:

மிக்க நன்றி இருவருக்கும். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தம்பியின் ஜிம் பவுடர் லேபிளில் இருப்பது: 100 கிராமில் புரதம் 72 கிராம், கார்போஹைட்ரேட் 14, சோடியம் 320 மி.கி. பொட்டாசியம், பாஸ்பரஸ் போடவே இல்லை. ஸ்கூப் 33 கிராம். சேர்மானம்: வே புரோட்டீன் கான்சன்ட்ரேட், கோகோ பவுடர், கிரியாட்டின், ஐ.என்.எஸ். 340, ஐ.என்.எஸ். 322. லேபிளில் இல்லாததால் பொட்டாசியம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? முட்டையைப் பச்சையாகப் பாலில் அடித்துக் கொடுத்தால் சீக்கிரம் உடம்பு தேறும் என்கிறார்கள், சரியா?

உணவுத்தராசு:

இல்லை. நம் நாட்டில் லேபிளில் சோடியம் போட்டே ஆகவேண்டும், பொட்டாசியமும் பாஸ்பரஸும் அந்தக் கட்டாயப் பட்டியலில் கிடையாது. போடாதது எல்லாம் பூஜ்யம் ஆகிவிடாது. அதனால் சேர்மான வரிசையைத்தான் படிக்கவேண்டும், நீங்கள் அதையும் எழுதியது நல்லதாகப் போயிற்று.

ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான எண். 340 பொட்டாசியம் பாஸ்பேட். அப்பாவுக்கு ஆகாத இரண்டும் ஒரே பொருளில். இறைச்சி, பாலில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் பாதியளவுதான் உடம்பில் சேரும். இப்படி உப்பாகச் சேர்ப்பது 90 சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிடும். 338, 339, 340, 341, 450, 451, 452 ஆகிய எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், எல்லாம் பாஸ்பேட் குடும்பம். 508 பொட்டாசியம் குளோரைடு. 322 லெசித்தின், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கோகோவில் பொட்டாசியம் நிறைய. கிரியாட்டின் அப்பாவுக்குத் தேவையே இல்லை, கிரியாட்டினின் அளவையும் கூட்டிக் காட்டிக் குழப்பும். ஆக அந்த டப்பா தம்பிக்கே இருக்கட்டும்.

வாங்குவதென்றால் இரண்டு வழி. டயாலிசிஸுக்கென்றே உள்ள எச்.பி. பவுடரில் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவை அச்சிட்டிருப்பார்கள், கலோரியும் கூடவே கிடைக்கும். விலை அதிகம், மாவுச்சத்தும் இருக்கும். அதனால் முதல் மூன்று நாள் குடித்து 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை பாருங்கள், ஏறினால் இன்சுலின் அளவை டாக்டர் மாற்றவேண்டியிருக்கும். இன்னொரு வழி, ஃப்ளேவர் இல்லாத வே ஐசோலேட், அதாவது கான்சன்ட்ரேட்டைவிட இன்னும் சுத்திகரித்த வே புரதம். 15 கிராமில் 12, 13 கிராம் புரதம் கிடைக்கும், பால் சர்க்கரையும் தாது உப்பும் கான்சன்ட்ரேட்டைவிடக் குறைவு. பசியெடுத்துச் சாப்பிடுகிறவருக்கு ஐசோலேட் போதும். சாப்பாடே இறங்காதவருக்கு எச்.பி. பவுடர். அப்பா மூன்று வேளையும் சாப்பிடுகிறார் என்பதால் நான் முதலில் ஐசோலேட்டைச் சொல்வேன். இரண்டில் எதுவானாலும் லேபிளை போட்டோ எடுத்து நெஃப்ராலஜிஸ்ட்டிடம் ஒரு முறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

எச்.பி. டப்பாவில் பாஸ்பரஸ் மி.கி.யைப் புரத கிராமால் வகுத்துப் பாருங்கள். 12க்குள் வந்தால் நல்லது. 100 கிராமுக்கான எண்ணையும் ஒரு ஸ்கூப்புக்கான எண்ணையும் கலந்துவிடாதீர்கள். ஸ்கூப்பை நம்பாமல் சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பது நல்லது, குவித்து அள்ளுவதற்கும் தலைதட்டி அள்ளுவதற்கும் 5 கிராம்கூட வித்தியாசம் வரும்.

சாதாரண ஹெல்த் டிரிங்க் வகைகளையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் சேர்க்கும் வைட்டமின் ஏ டயாலிசிஸில் வெளியேறாது, சேர்ந்துகொண்டே போகும்.

பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். சால்மோனெல்லா தொற்று அப்பா மாதிரி எதிர்ப்புசக்தி குறைந்தவரைப் படுக்கையில் தள்ளிவிடும். வேகாத வெள்ளைக்கரு செரிப்பதும் குறைவு. வேகவைத்து, உப்புப் போடாமல், மிளகுத்தூள் தூவிக் கொடுங்கள்.

பைக்கணக்கு:

வயிற்று வழி டயாலிசிஸ் (பையிலிருந்து திரவத்தை வயிற்றில் ஏற்றிப் பிறகு வடிப்பது) செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு சேர்க்கை. அதில் நாளுக்கு 5 முதல் 15 கிராம் வரை புரதமே திரவத்தோடு போகிறது, தினமும். வயிற்றில் தொற்று வந்து வடியும் திரவம் கலங்கலாக வந்தால் இழப்பு இன்னும் கூடும், அந்த நாட்களில்தான் பசியும் இருக்காது. பையில் உள்ள குளுக்கோஸ் உடம்பில் ஏறுவதால் கலோரி தானாகவே கிடைக்கிறது. எனவே இனிப்பும் மாவும் நிறைந்த பவுடரைவிட வெறும் புரதப் பவுடர் பொருந்தும். வயிறு நிறைந்திருக்கும்போது குடிக்க முடியாது என்றால், திரவத்தை வடித்துவிட்டு அடுத்த பை ஏற்றுமுன் கொடுத்துப் பாருங்கள்.

வைகைமகள்:

பவுடர் கொடுத்தால் பாஸ்பரஸ் 6.1 இன்னும் ஏறாதா? கால்சியம் அசிடேட் மாத்திரை தினமும் இரவு 9 மணிக்கு மற்ற மாத்திரைகளோடு தவறாமல் கொடுக்கிறோம்.

நாலுமணி_ஷிஃப்ட்:

உங்கள் 6.1க்குப் பாதிக் காரணம் அந்த 9 மணியாகத்தான் இருக்கும். கால்சியம் அசிடேட், செவலமர் எல்லாம் பைண்டர் மாத்திரைகள். சோற்றில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுவதுதான் அவற்றின் வேலை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது, கால்சியம்தான் ரத்தத்தில் ஏறும். முதல் இரண்டு மூன்று கவளத்தோடு போடவேண்டும். மதியச் சாப்பாட்டில்தான் தயிரும் மீனும் என்றால் மாத்திரையும் அந்த வேளைக்கு முக்கியம். பவுடரைத் தனியாகச் சாயங்காலம் கொடுத்தால் அதற்கும் ஒன்று வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், எண்ணிக்கையை நீங்களாகக் கூட்டவேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் பைண்டரோடு சேர்த்துக் கொடுக்காமல் தள்ளிக் கொடுங்கள்.

பவுடரை முதல் வாரம் பாதி அளவில், 7 கிராமில் தொடங்குங்கள். வயிறு உப்புசம், பேதி இல்லையென்றால் 15க்குப் போகலாம். இரண்டு வாரம் கழித்து டயாலிசிஸ் தொடங்குமுன் ரத்தம் எடுக்கும்போது பொட்டாசியம், பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள். ஆல்புமினை ஒரு மாதம் ஆகுமுன் பார்ப்பது வீண் செலவு, ரத்தத்தில் அதில் பாதி கழியவே மூன்று வாரம் போல ஆவதால் எண் மெதுவாகத்தான் நகரும். ஒழுங்காகக் கொடுத்தும் 3.2லேயே நின்றால் பவுடரை இன்னும் கூட்டாதீர்கள். சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தில் கேத்தீட்டர் (டயாலிசிஸுக்கான குழாய்) இருந்தால் அங்கே தொற்று, சொத்தைப் பல், ஆறாத கால்புண், இவற்றில் ஏதாவது ஒன்று ஆல்புமினைக் கீழே பிடித்து வைத்திருக்கும். சர்க்கரை உள்ளவர் என்பதால் கால் விரலிடுக்கை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.