இறங்க ஊர் இல்லாத நாட்களில் கிடைத்த பழக்கம்

சௌத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு அம்மாவும் நானும் குயின் மேரி 2 கப்பலில் போனோம். ஏழு இரவு, நடுவில் ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. “ஒரு வாரம் தண்ணியையே பார்த்துக்கிட்டு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்காத உறவினர் இல்லை. 2,600 பேருக்கு மேல் ஏறக்கூடிய கப்பல்தான். ஆனால் இறங்கிச் சுற்ற ஊர் இல்லாததால், இரண்டொரு நாளிலேயே அதே முகங்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். புதுத் தெருவுக்குக் குடிவந்த மாதிரி பழக்கம் தானாக வந்துவிடுகிறது.

ஏழாவது தளத்தில் கப்பலைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. மூன்று சுற்று வந்தால் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். அடிக்கிற காற்றில் அம்மா தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடிதான் நடப்பார். அங்கேதான் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். தினமும் நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் இருக்கும் இடம், காற்று, கடலின் ஆழம் எல்லாம் சொல்வார். பெரியவர் மடித்து மடித்து நைந்துபோன வரைபடத்தை முழங்காலில் விரித்து, அதைக் கேட்டுப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அம்மா எட்டிப் பார்த்தார். பள்ளியில் புவியியல் எடுத்தவர் என்று நான் சொன்னதும், மறுநாள் பென்சிலை அம்மாவிடமே நீட்டிவிட்டார். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கரும்பலகையில் எத்தனையோ வருஷம் கோடு போட்டுக் காட்டியவர், தான் மிதக்கும் இடத்துக்குத் தானே புள்ளி வைத்தது அன்றுதான். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பகுதி நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே இருக்கிறது. கப்பல் அங்கே கிடக்கும் ஆழம் கிட்டத்தட்ட 3,800 மீட்டர். அந்த இடத்தையும் வரைபடத்தில் இருவரும் சேர்ந்து தேடிக் குறித்தார்கள்.

காலை உணவு மேசையில் அறிமுகமானவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. பாஸ்டனில் இருக்கும் மகளோடு வாழ, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார். வயசான நாயை விமானத்தின் சரக்கு அறையில் போட மனசு வரவில்லையாம். இந்தக் கப்பலில் 12-ஆவது தளத்தில் நாய்களுக்குத் தனி இடமே உண்டு. காலைத் தூக்க பிரிட்டிஷ் நாய்களுக்கு ஒரு விளக்குக் கம்பம், அமெரிக்க நாய்களுக்கு அந்த ஊர்த் தெருவோரத் தீயணைப்புக் குழாய் ஒன்று என்று இரண்டையும் நட்டு வைத்திருக்கிறார்கள். போனில் படம் காட்டினார். தினமும் நாயைப் போய்ப் பார்க்கும் நேரம் வந்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். அந்த அவசரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் அலை பெரிது. மாடிப்படிக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் அறையைக் கவனித்த பிலிப்பைன்ஸ் தம்பி, யாரும் கேட்காமலேயே பச்சை ஆப்பிளை நறுக்கி, உப்பு பிஸ்கட்டோடு கொண்டுவந்து வைத்தார். அவர் தன் குழந்தையைப் பார்த்து மாதக்கணக்காகிறது. அம்மா தேறியதும் முதலில் விசாரித்தது அந்தக் குழந்தையைத்தான்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று: முடிந்தால் மேற்கு நோக்கிப் போங்கள். ஐந்து இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அந்த நாட்களுக்கு 25 மணி நேரம். கிழக்கே வந்தால் அந்த ஐந்து மணி நேரமும் கையைவிட்டுப் போய்விடும். அப்புறம், சாப்பாட்டுக்குத் தனி மேசை கேட்காதீர்கள். பலரோடு உட்காரும் பெரிய மேசையைக் கேளுங்கள்.