மீண்டு வருவோர் வரையும் சுவரில் தின்னருக்கு என்ன வேலை?

சுவரெழுத்து:
"சுவரோவியம்னா எனாமல்தான் நிக்கும், குழுவில் யார் இருந்தா என்ன" என்று நேற்று கரிக்கோல் எழுதியதைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. எனாமலைக் கரைக்கத் தின்னர் வேண்டும்; போதையை விட்டு மீண்டு வரும் பத்துப் பேர் நடுவே அந்த டப்பாவைத் திறந்து வைப்பதா? பல தின்னர்களில் இருப்பது டொலுயீன் என்ற மயக்கம் தரும் கரைப்பான். முகர்ந்து போதை ஏற்றியவர்களுக்கு அந்த வாடை ஒன்றே போதும், பழைய ஏக்கம் கிளம்பிவிடும். நீரில் கரையும் அக்ரிலிக் எமல்ஷன் பெயிண்ட் இருக்கும்போது இது எதற்கு?

கரிக்கோல்:
குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் குடியை விட்டவர்கள், தின்னரை முகர்ந்தவர்கள் இல்லை. வாடைக்குப் பயந்தால் தெருவில் நடக்கவே முடியாது. உங்கள் அக்ரிலிக் ஈரச்சுவரில் தோல் தோலாக உரிவதைப் பார்த்ததில்லையா?

சுவரெழுத்து:
உரிவது பெயிண்டின் குற்றமில்லை, அவசரத்தின் குற்றம். புது சிமென்ட் பூச்சு 28 நாள் காய வேண்டும். அப்புறம் பதினெட்டு அங்குலச் சதுரப் பாலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்தால் தூரிகையைத் தொடாதீர்கள். காய்ந்திருந்தால் சிமென்டின் காரத்தைத் (அல்கலி) தாங்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. 200 சதுர அடிக்கு ஏறக்குறைய நாலு லிட்டர் ஆகும். நீங்கள் கொண்டாடும் எனாமல்தான் புதுச் சிமென்டின் காரம் பட்டதும் சோப்பாகி உரிந்து போகும். தின்னருக்கு இன்னும் பதில் வரவில்லை.

மண்கை:
ரெண்டு பேரும் சுவரை விட்டு இறங்குங்க. குடியை நிறுத்திய முதல் வாரங்களில் பலருக்குக் கை நடுங்கும். அவங்களை ஏணியில ஏத்தறீங்களா? களிமண் கொடுங்க, நடுக்கம் தெரியாது, தின்னரும் வேண்டாம். நல்லா பிசைஞ்சு, மண்ணோட கனம் அரை அங்குலத்துக்கு மேல போகாம, ஒரு வாரம் நிழல்ல உலர்த்திச் சுட்டா போதும். வெடிக்கிறதுக்கு முக்கியக் காரணம் உள்ளே தங்கின ஈரம்.

சுவரெழுத்து:
ஏணியே வேண்டாம் மண்கை. பிலடெல்பியாவில் 1984-ல் கிராஃபிட்டி ஒழிப்புத் திட்டமாகத் தொடங்கிய சுவரோவிய அமைப்பு இப்போது பாராசூட் துணி என்ற மெல்லிய நெய்யாத துணியில் வரைய வைக்கிறது. ஐந்தடிச் சதுரத் துண்டுகள், ஒவ்வொரு கட்டத்திலும் நிற எண். சிகிச்சை மையத்து மேசையில் உட்கார்ந்தே இரண்டு அங்குலத் தூரிகையால் நிரப்பலாம். பிறகு அக்ரிலிக் ஜெல்லைச் சுவரிலும் துணியின் பின்புறமும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி ஒட்ட வேண்டும். ஓரத்தில் ஜெல் குறைந்தால் முதல் மழையிலேயே கிளம்பும். இதில் எங்காவது தின்னர் வருகிறதா?

கரிக்கோல்:
சுவரில் இரும்புக் கதவு இருந்தால்? அதற்கும் துணி ஒட்டுவீர்களா? போன தடவை சுண்ணாம்பு விவாதத்திலும் இதே போலத்தான், உங்களுக்குத் தெரிந்த ஒரே வழியை எல்லாருக்கும் வேதமாக்கினீர்கள்.

சுவரெழுத்து:
அந்த விவாதத்தில் சுண்ணாம்போடு கலக்க நீங்கள் சொன்ன ஃபெவிகால் பசையின் அளவு தப்பு, அதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. இரும்புக்குத் துரு தடுக்கும் பிரைமரும் நீரில் கரையும் எனாமலும் உண்டு. தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். தின்னர் எதற்கு?

நூலிழை:
தின்னரைப் பற்றி இவ்வளவு கத்துகிறவர்கள் ஓவியத்தின் கீழே பங்கேற்றவர் பெயரை எழுதுவதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பலர் அநாமதேயமாகத்தான் மீள்கிறார்கள். ஒருவர் சம்மதித்தாலும் வேலை தேடும்போது அந்தப் பெயர் அவருக்கு எதிராக நிற்கும். கைரேகை அச்சோ ஒரு குறியோ போதும்.

மண்கை:
பெயர் வேண்டாம்னு நீங்க யாரு சொல்ல? எழுதச் சொல்லிக் கேட்கிறவங்களும் இருக்காங்க. மறைச்சு வைக்கிறதுதான் அவமானத்தை வளர்க்குது.

நூலிழை:
கேட்பவர் இன்று கேட்கிறார். சுவர் பத்து வருஷம் நிற்கும்.

கரிக்கோல்:
சிகிச்சையிலேயே ஏக்கத்தைத் தூண்டும் பொருளைக் காட்டிப் பழக்குகிறார்கள். தின்னரை மேற்பார்வையோடு வைப்பதும் அதுதான்.

சுவரெழுத்து:
அது இல்லை! பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒரே ஒருவரோடு தனியாக உட்கார்ந்து, ஏக்கத்தை அளந்து, முடிந்ததும் கூடவே இருந்து செய்வது அது. தொண்ணூறு நிமிடச் சுவர் வேலையில் மூடி தொலைந்த டப்பாவை யார் பார்ப்பார்கள்? கூடவே இதே போல வாடை வீசும் ஆல்கஹால் மார்க்கர், ஸ்ப்ரே டப்பா, ரப்பர் பசை, அரக்கு வார்னிஷ் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுங்கள். மேல்பூச்சுக்கும் நீரில் கரையும் வார்னிஷ் போதும்.

கரிக்கோல்:
இப்போது மார்க்கரும் போச்சு. நாளைக்குத் தண்ணீரையும் தடை செய்வீர்கள்.

சுவரெழுத்து:
தின்னர் எதற்கு என்று நாலாவது முறை கேட்கிறேன்.